எழுத்துக்கு ஏது பேக்கப்

1

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய போன குறிப்பில் நான் 'அம்புட்டு' என்று எழுதியதை 'அவ்வளவு' என்று திருத்தி அச்சடித்திருந்தீர்கள். அந்த வழக்கைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் நான் வைய வேண்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

விஷயம் இதுதான். வருகிற ஆவணியில் என் அம்மாவுக்கு வருஷத் திதி. அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியவை என்று ஒரு கட்டு ஃபைல்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன. திதியன்று படையல் போட்டுவிட்டு அவற்றைப் பையனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவனுக்குப் பத்து வயது. இங்கே நார்வேயில், பெர்கன் நகரத்தில் பிறந்தவன். அவன் அப்பத்தாவை இரண்டு லீவில் பார்த்திருக்கிறான். எருமை மட்டும்தான் நினைவிருக்கிறது என்கிறான்.

நான் இங்கே வந்த புதிதில் மதுரைப் பக்கம் எங்கள் விளாங்குடி வீட்டில் போன் கிடையாது. என் அக்கா செல்வி திண்டுக்கல் ரோட்டின் மேலேயே ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுற்றினால் பேப்பரெல்லாம் பறக்கிற ஒரு ஃபேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் தொழில். அம்மா காலையில் டீக்கடைகளுக்கு எருமைப்பால் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு அக்காவின் கடைக்கு வருவாள். உள்ளே வந்து உட்கார மாட்டாள். சாணி வாசம் மெஷினுக்கு ஆகாது என்று எவனோ சொல்லிவைத்திருந்தான். வாசலில் நின்றபடியே எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவாள். அக்கா அதை அடித்து, பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து மெயிலில் அனுப்புவாள். அதைத் திறந்து படிப்பதற்கு, அவள் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த அதே தமிழ் எழுத்துக்கு எனக்கும் முறையாக ஒரு லைசென்ஸ் வாங்கி, நான் லீவில் போனபோது டிஸ்க்கில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அம்மாவின் போட்டோ என்று பார்த்தால் ரேஷன் கார்டுக்கு எடுத்த முறைப்பு ஒன்றுதான் உண்டு. குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்ததால், அது தீரும் என்று எவன் நினைத்தான்? ஆக அம்மா பேசியது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஃபைல்கள் மட்டும்தான்.

2

முதலில் இங்குள்ள ஓர் அலுவலகத்தை வைகிறேன்.

அம்மா போனபோது என் பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தின் மேஜை டிராயரில் கிடந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். என் தாய் இறந்துவிட்டாள், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுக்கொண்டே நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். நான் மதுரையில் போய் இறங்கியபோது கருமாதியே முடிந்திருந்தது.

இந்த வருஷம் அதே அலுவலகம் காகிதத்தையெல்லாம் ஒழித்துவிட்டது. இனி எல்லாம் இணையத்தில்தானாம். அதன் பக்கமோ என் பழைய கம்ப்யூட்டரில் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. போன் போட்டுக் கேட்டேன். உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் பழசு, புதுசு போடுங்கள் என்றார்கள். ஒரு மனுஷன் ஓர் ஊரில் தங்கலாமா கூடாதா என்பதை அவனுடைய கம்ப்யூட்டரின் வயசு தீர்மானிக்கிறது. விளாங்குடி வி.ஏ.ஓ. ஆபீஸில் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடிப்பார்கள். ஆனால் நீ வந்த சைக்கிள் பழசு, அதனால் சர்டிபிகேட் கிடையாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரன் நல்ல மாதிரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் புதுசு போடுவேன், டாக்குமெண்டையெல்லாம் பேக்கப் எடுத்துவிட்டாயா என்று கேட்டான். எடுத்தேன் என்றேன். எடுத்தும் இருந்தேன். அக்கா அனுப்பிய ஒவ்வொரு ஃபைலையும் சி.டி.யில் ஏற்றி, சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்து, அம்மாவின் பெயரை மேலே எழுதி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் புதுமாப்பிள்ளை போலத் திரும்பி வந்தது. அலுவலகத்தின் பக்கம் வழுக்கிக்கொண்டு திறந்தது. சி.டி.யைப் போட்டேன். எல்லா ஃபைலும் பத்திரமாக இருந்தது. ஒன்றைத் திறந்தேன்.

md;Gs;s kfDf;F என்று இருந்தது.

3

கம்ப்யூட்டர் பாஷை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஆட்கள் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் தமிழைக் கொண்டுவந்தது முறைப்படி அல்ல, வேஷம் போட்டு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டார்கள். k என்று அடித்தால் 'ம' தெரியும். அரைப்புள்ளியை அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி வந்து உட்காரும். அந்தச் சட்டைக்குப் பெயர்தான் ஃபான்ட். அது ஃபைலுக்குள் இருக்காது. கம்ப்யூட்டரில் வேறொரு மூலையில் இருக்கும். கடைக்காரன் எல்லாவற்றையும் அழித்தபோது சட்டையும் போனது. அம்மா அம்மணமாக, அரைப்புள்ளி அரைப்புள்ளியாக நின்றாள். எல்லா ஃபைலிலும் மேலே அதே md;Gs;s kfDf;F. நடுவில் அங்கங்கே mk;kh, mk;kh என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. இதற்கு என்ன அர்த்தமோ என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கொடுத்த டிஸ்க்கைத் தேடிப்பிடித்துப் போட்டேன். எழுத்தை ஏற்ற மாட்டேன் என்றது. கம்பெனி கொடுத்த நம்பர் வேண்டுமாம். நம்பரைப் போட்டேன். அது வேறு கம்ப்யூட்டருக்கான நம்பராம். அதே கம்ப்யூட்டர்தானடா, உள்ளேதான் மாற்றியிருக்கிறது என்று அதனிடம் யார் சொல்வது?

டாக்குமெண்டை எடுத்து வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் மொழியின் எழுத்தையும் ஒரு பிரதி எடுத்து வை என்று இந்த உலகத்தில் எந்த மொழிக்காரனிடமாவது சொல்வார்களா? நார்வேக்காரர்களுக்கு ஆங்கிலத்துக்கு மேல் மூன்று எழுத்து கூடுதல். அந்த மூன்றுக்கும் கீபோர்டிலேயே தனித்தனிக் கட்டை இருக்கிறது. எந்த சிஸ்டத்தை மாற்றினாலும் அவை அசையாது. அவர்களுக்கு எழுத்து என்பது காற்று மாதிரி, எங்கே போனாலும் இருக்கும். நாமோ ஆயுத எழுத்து வரைக்கும் பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அலைய வேண்டும். புது சிஸ்டத்திலும் தமிழ் இருக்கிறதாம். ஆனால் அது வேறு தமிழாம், அக்கா அடித்த தமிழை அதற்கு அடையாளம் தெரியாதாம்.

கடைக்காரனிடமே ஓடினேன். என் எழுத்தெல்லாம் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். கோபத்தில் எனக்கு மொழி குழறும். ஆங்கிலத்தில் 'லெட்டர்' என்றால் எழுத்தும் அதுதான், கடிதமும் அதுதான். நான் நார்வீஜியனில் கடிதத்துக்கான சொல்லைப் போட்டுத் தொலைத்தேன். என் கடிதங்கள் காணாமல் போய்விட்டன என்று மேஜையைத் தட்டினேன். அவன் மிகுந்த பொறுமையோடு தபால் ஆபீஸுக்கு வழி சொன்னான்.

வீட்டுக்கு வந்து பையனைக் கூப்பிட்டேன். அக்கா அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டில் கிடந்தது. அதையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். "இந்தா பாருடா, இப்படி இருக்க வேண்டியது இப்படி ஆகிப்போச்சு" என்றேன். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான்ப்பா இருக்கு. ரெண்டுமே படிக்கத் தெரியாது."

அவனைப் பிடித்துக் கத்திவிட்டேன். அவன் மேல் என்ன தப்பு என்று என் மனைவி கேட்டாள். அவன் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லையே. கத்தினேன், அவ்வளவுதான்.

4

அடுத்து சென்னைக்குப் போன் போட்டேன். அந்த எழுத்தை விற்ற கம்பெனி. பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. எடுத்தவர் தேன் ஒழுகப் பேசினார்.

"சார், அது ஓல்ட் வெர்ஷன் சார். இப்ப அதை நாங்க நிறுத்திட்டோம். புதுசு வாங்கிக்கங்க சார்."

"புதுசுல என் பழைய ஃபைல் திறக்குமா?"

"தாராளமா திறக்கும் சார்."

"எழுத்து சரியா வருமா?"

"எழுத்து வேற மாதிரி வரும் சார்."

"வேற மாதிரின்னா?"

"படிக்க முடியாது சார். மத்தபடி திறக்கும்."

ஒரு மனுஷன் இதைச் சிரிக்காமல் எப்படிச் சொல்கிறான்? பழையதற்கே புது நம்பர் கொடுங்கள், காசு கொடுத்து வாங்கியதுதானே என்று கெஞ்சினேன். வாங்கியவர் யார் என்றார். அக்கா பெயரைச் சொன்னேன். அவங்க ஒரிஜினல் பில்லோட நேர்ல வரணும் சார் என்றார். அம்மா போன பிறகு அக்கா கடையை மூடிவிட்டு, மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு, மாமாவின் ஊரான கொட்டாம்பட்டிக்குப் போய்விட்டாள். பில் எந்த எடையோடு போனதோ. இது என் தாய் பேசியது ஐயா என்றேன். புரியுது சார், பாலிசி சார் என்றார். இங்கே நம்பர் சீட்டு, அங்கே பாலிசி. கடல் தாண்டி வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தாய் பிள்ளைகள்தான்.

5

எங்கள் தெருமுனையில் யோகன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய் வாங்கப் போனேன்.

"என்னண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார்.

கொட்டித் தீர்த்தேன். அவர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"உதுக்கே இவ்வளவு யோசிக்கிறியள்? எங்கட கோயில் நோட்டீஸ் அடிக்கிற கொம்பியூட்டரிலை கனக்க எழுத்துக் கிடக்கு. மெட்ராசிலயிருந்து ஆரோ கொண்டந்து போட்டவை. சிடியைக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

கொண்டுபோனேன். கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் அந்த எழுத்து இருந்தது. அதே எழுத்து, அதே கம்பெனி. பூட்டை எவனோ எப்போதோ உடைத்துப் போட்டிருந்தான். நம்பரும் கேட்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்குப் பூட்டு, திருடினவனுக்குத் திறந்த வீடு. அந்தத் திருடன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். என் வசவிலிருந்து அவனுக்கு மட்டும் விலக்கு.

யோகனே எல்லாப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். நான் அங்கே நின்று படிக்கவில்லை. வீட்டில் போய், மனைவியையும் பையனையும் உட்கார வைத்துப் படிக்க வேண்டும் என்று மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். தெருவில் மழை. காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

6

சத்தமாக வாசித்தேன். நான் முழித்த அந்த mk;kh வேறு யாருமில்லை, அம்மா.

"அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய அவா. இங்கு அனைவரும் நலமாக உள்ளோம். தாங்கள் உடல்நலத்தில் கவனம் கொள்ளவும். நேரத்திற்கு உணவு உண்ணவும். எருமை கன்று ஈன்றுள்ளது. மற்றவை அடுத்த மடலில். இப்படிக்கு, தங்கள் அன்புத் தாயார்."

அடுத்த பக்கத்தை எடுத்தேன். நலம், நலமறிய அவா. அதற்கடுத்தது. தாங்கள் உடல்நலத்தில் கவனம் கொள்ளவும்.

"அப்பா, உண்ணவும்னா என்ன?" என்றான் பையன்.

"சாப்பிடுன்னு அர்த்தம்."

"அப்ப ஏன் சாப்பிடுன்னு சொல்லல?" என்று கேட்டுவிட்டு, "இது அப்பத்தா எழுதுனதா, இல்ல ஸ்கூல்லருந்து வந்த பேப்பரா?" என்றான்.

சமயநல்லூரில் பிறந்து, விளாங்குடியில் எருமை மேய்த்த என் அம்மா, பெற்ற பிள்ளையைத் 'தாங்கள்' என்கிறாள். 'அவா' என்கிறாள். 'மடல்' என்கிறாள். என் அம்மாவுக்கு மடல் என்றால் வாழைப்பூவில் இருப்பது.

இந்த ஃபைல்களை நான் அந்தக் காலத்தில் ஒன்றுக்குப் பத்துத் தடவை படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட இது உறைத்ததில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். காகிதத்தில் என்ன இருந்தாலும் காதில் அவள்தான் பேசினாள். 'உணவு உண்ணவும்' என்று இருந்ததை நான் 'சோத்தத் தின்னு' என்றுதான் வாசித்திருக்கிறேன். இப்போது அவள் இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது. எழுத்துக்குள் அவள் இல்லவே இல்லை. இத்தனை பேரோடு மல்லுக்கட்டி நான் மீட்டுக் கொண்டுவந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் தமிழை.

ஆத்திரம் அக்காவின் மேல் திரும்பியது.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பையன் தரையில் உட்கார்ந்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா எழுதி வச்சிருக்க?"

"என்னத்தடா எழுதி வச்சிருக்கேன்? எடுத்த ஒடனே பாயிற."

"தங்கள் அன்புத் தாயார்னு போட்டிருக்க. அம்மா என்னயத் தங்கள்னா சொல்லுச்சு?"

"அது வாசல்ல நின்னு வஞ்சிட்டுப் போகும்டா. அத அப்படியேவா அடிப்பாக? எழுத்துன்னா ஒரு மட்டு மருவாத வேணாமா? வெளிநாட்ல நாலு பேரு பாப்பாகன்னு நாந்தேன் திருத்தி அடிச்சேன்."

"ஒன்னய யாரு திருத்தச் சொன்னா?"

"திருத்தாம? நான் அடிச்சது பூராம் கலியாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியுந்தேன். வேற எந்தத் தமிழ்டா எனக்குத் தெரியும்?"

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அம்மாவை அழித்தது கம்ப்யூட்டர் இல்லை, நீதான் என்றும் சொன்னேன். அக்காவும் ஆரம்பித்தாள்.

"நீ அங்கன ஒக்காந்து படிச்ச. அது பேசுனத நின்னு கேட்டவ நானு. காலங்காத்தால கடையில ஆளு நிக்கும்போது, நீ போனதுக்கு நான் வசவு வாங்குனேன். போறவன ஏண்டி தடுக்கலன்னு கேக்கும். எம்புட்டு நாளு அழுதுருக்கேன் தெரியுமா? அதத் தொடச்சிட்டு ஒனக்கு நலம், நலம்னு அடிச்சேன். வந்துட்டான் இப்ப, தங்கள் போட்டது தப்புன்னு."

என் கோபம் இறங்கவில்லை. அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கையில் இருந்த முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எருமை கன்று ஈன்றுள்ளதுன்னு ஒண்ணு இருக்குக்கா. அன்னைக்கு அம்மா என்னதான் சொல்லுச்சு?"

"அதெல்லாம் யாருக்குடா ஞாபகம் இருக்கு" என்றாள் அக்கா. பிறகு ஒரு செருமல் செருமினாள். அடுத்து வந்தது அவள் குரல் இல்லை. கடை வாசலில் நின்று, ரோட்டில் லாரி போகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்துகிற குரல். பாதியில் மூச்சு வாங்குகிற இடம்கூட அதுதான். நான் பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் பின்புறத்திலேயே எழுத ஆரம்பித்தேன். பையன் விளையாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நடுவில் ஓர் இடத்தில் சிரித்துவிட்டான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை.

"அப்பத்தா உன்னயத் திட்டுறாங்களாப்பா?" என்றான்.

ஆமாடா என்றேன்.

8

திதியன்று இதைத்தான் வாசிக்கப் போகிறேன். கீழே இருப்பது என் அம்மா பேசியது, அக்கா சொன்னபடியே:

"எரும கன்னு போட்டுருச்சுன்னு அடி. கெடாக்கன்னு. அதுவும் அவன மாதிரித்தேன், வீட்ல தங்காதுன்னு அடி. அங்கன என்ன எழவத் திங்கிறானோ. சோறு கெடைக்காட்டி பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேரச் சொல்லு. வந்தா வையமாட்டேன்னு அடி. என்னடி முழிக்கிற, வையமாட்டேன்னு அடி. அம்புட்டுத்தேன். நான் போறேன்."

ஆசிரியர் அவர்களே, இப்போது நம் வழக்குக்கு வருகிறேன். மேலே இருக்கும் பத்தியில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள். 'அம்புட்டுத்தேன்' அப்படியே அச்சாக வேண்டும். அதை ஏற்கெனவே ஒரு தடவை திருத்தியாகிவிட்டது.